சுரினாம் எங்கே இருக்கிறது

திரும்பிய மறுநாள் டிப்போவில் கேட்டார்கள்.
சுரினாம் என்றேன்.
நாமமா, யார் போட்டது உனக்கு என்றான் குணாளன்.
ஆப்பிரிக்காவா என்றாள் ஸ்டெல்லா.
என் பெட்டி ஆம்ஸ்டர்டாமில் தங்கிவிட்டதால்
மூன்று நாள் ஒரே சட்டையில் சுற்றினேன்.
எல்லோருக்கும் பிடித்த பகுதி அதுதான்.

வேறு என்ன சொல்ல?
வண்டிகள் அங்கேயும் இடப்பக்கம்தான் போகின்றன.
பதினெட்டு வருடம் பஸ் ஓட்டியவள் கண்ணில்
முதலில் பட்டது அது.
மழை நம் மழைதான், சொல்லாமல் கொள்ளாமல் வரும்,
ஆனால் விழுவதற்கு அங்கே நிறைய இடம்.
ஓடைத் தண்ணீர் தே ஓ நிறம்.
இறங்கி நின்றால் முழங்கால் வரை பொன்,
அதற்குக் கீழே
நான் இல்லை.

ரொட்டிக் கடைக்காரி
உருளைக்கிழங்கைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு
எந்த ஊர் என்றாள்.
சிங்கப்பூர்.
சரி, அதற்கு முன்னால்?
உட்லண்ட்ஸ் என்றேன்.
அதற்கும் முன்னால்?
ஈசூன், மூவறை வீடு, நாலாவது மாடி.
அவள் சிரிக்கவில்லை.
மிளகாய்ச் சாந்து மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தது.
கண்ணில் நீர் வர மென்றபோதுதான் உறைத்தது,
அதே கேள்வி
என் வாயிலும் தயாராக இருந்தது.

படகு வராத நாள் ஒன்று.
படித்துறையில் ஏழு மணி நேரம்.
கால அட்டவணை எங்கே, எங்கே என்று
ஒரு ஜெர்மன்காரர் நடந்துகொண்டே இருந்தார்.
நிறைந்தால் கிளம்பும் என்றார்கள்.
எத்தனை பேர் ஏறினால் நிறைவு என்று
யாரும் சொல்லவில்லை.
இரண்டு நிமிடம் முந்தினால் விளக்கம் எழுதித் தரும் வேலைக்காரி நான்,
அன்று மத்தியானம்
அரிசி மூட்டைமேல் சாய்ந்து தூங்கிப்போனேன்.
இதை டிப்போவில் சொல்லவில்லை.

ஞாயிறு விடியலில் ரெஜோ, எங்கள் டிரைவர்,
பரமரிபோ நடுவே ஒரு புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார்.
இரண்டு கம்பம், இரண்டு கூண்டு, நடுவில் கரும்பலகை.
குருவி ஒருமுறை பாடினால்
சாக்பீஸில் ஒரு கோடு.
பெரிய பெரிய ஆண்கள், மூச்சைக்கூட
மெல்ல விட்டுக்கொண்டு.
போனில் பதிந்துகொண்டேன்,
காட்ட வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார்.

கெபுன் பாரு. இதுவும் ஞாயிறு. ஒன்பது மணி.
கயிறு இழுத்து வானத்தில் ஏற்றிய கூண்டுகள்,
கீழே கோப்பி, டோட்டோ எண்கள், பொய்கள்.
தன் மெர்போக்குக்கு இணை
ஜொகூரிலும் கிடையாது என்பார் ஸலிமின்.
போனை அழுத்தினேன்.
நிறுத்து, நிறுத்து, என் பறவை கெட்டுப்போகும்,
அடுத்த வாரம் போட்டி என்று பாய்ந்து வந்தார்.
விரல் வைப்பதற்குள் பதிவின் வாலில்
ரெஜோ தன் பையனைக் கூப்பிட்டார்:
அயோ, முலிஹ்.

எனக்கு அது எப்போதும் ஐயோ என்றுதான் கேட்கும்.
ஸலிமின் கையில் கயிறு அப்படியே நின்றது.
யார் அது?
அந்த ஊர் டிரைவர்.
எந்த ஊர்?
சுரினாம்.
சரி, அதற்கு முன்னால்?

இந்த முறை நான் உட்லண்ட்ஸ் என்று சொல்லவில்லை.

வா, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம் என்றார்.
ஜாவாக்காரர்கள் அங்கே எதில் போனார்கள்?
கப்பலில்.
எந்தக் கப்பல் என்று கேட்க வந்து
கோப்பியைக் குடித்தார்.
அம்மா இப்படித்தான், கடைசியை மூச்சில் விடுவாள்.
இன்னொரு முறை போடு,
குருவி வேண்டாம், கடைசி மட்டும்.

விரலால் தேய்த்துத் தேய்த்துத் தேடினேன்.
அயோ, முலிஹ்.
அயோ, முலிஹ்.
நாலாவது தடவையோ ஐந்தாவதோ
மேலிருந்து மெர்போக் தொண்டையைத் திறந்தது.
ஸலிமின் எண்ணவில்லை.

அங்கே இப்போது சனி இரவு பத்து.
கூண்டுகளைத் துணி போர்த்தி உள்ளே எடுத்திருப்பார்கள்.
எனக்குப் பன்னிரண்டுக்கு ஷிப்ட்.
நிறைந்தாலும் நிறையாவிட்டாலும்
கிளம்ப வேண்டும்.